முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்

அன்னிக்கு நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. நாளையிலிருந்து லேப்ல ரிப்போர்ட் எழுதப் போறவங்க நீங்க… உங்ககிட்ட சொல்லிடறேன். சின்னக் கதைதான்.

செண்பகவல்லி. நாப்பத்தாறு வயசு, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. பெருங்குடல்ல புற்றுக்கட்டி. அறுத்து எடுத்த கட்டியில ஒரு துணுக்கு என் மேசைக்கு வந்தது. சாயம் போட்டேன். ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தா அந்த இடம் பழுப்பாகும்… கண்ணாடித் துண்டு முழுக்கப் பழுப்பு. நல்ல சேதி இல்ல.

அந்தம்மா கீமோ வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. "சாகப் போறவளுக்கு எதுக்கு சார் ஊசி?"

டாக்டர் என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பொறுமையா சொன்னார். "இந்த மாதிரி பழுப்பா வந்த நூறு பேர் ஊசி போட்டுக்கிட்டா, நாப்பது பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்கம்மா."

அந்தம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாங்க.

"ஏங்க, முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுதானே?"

"ஆமா. பத்தாவது கணக்குல நீ மூணு தடவை எழுதியும் தொடாத பாஸு."

"அதான் சொல்றேன். ரிப்போர்ட் எழுதின இந்தப் பொண்ணு எனக்கு நாப்பது போட்டிருக்கு. சார், ஊசி எந்த ரூம்ல?"

அது மார்க் இல்லம்மா… இதுதான் நான் சொல்லாதது. வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

தப்பா? இன்னமும் யோசிக்கிறேன். நாப்பதை மார்க்குன்னு நினைச்சது தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி, 'சாகப் போறவ'ன்னு தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கிட்டாங்களே… அதுவும் தப்புதானே? அதைத் திருத்த எனக்கு ஏன் வாய் வரல?

தம்பி தங்கச்சிகளா, நம்ம எழுதுற எண் நூறு பேரைப் பத்தினது. கதவைத் திறந்துக்கிட்டு வர்றது ஒருத்தர். எண்ணை உள்ளபடி எழுதுங்க, கூட்டாதீங்க, குறைக்காதீங்க. ஆனா அவர் அந்த நாப்பதுலயா, அறுபதுலயா… உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க. அதை அவங்க படிச்சிடுவாங்க.

அந்தம்மா என்ன ஆனாங்கன்னுதானே பார்க்கிறீங்க?

பன்னெண்டு ஊசியும் போட்டுக்கிட்டாங்க. நாலு வருஷம் ரெண்டு மாசம் இருந்தாங்க. அதுக்குள்ள நாலாவது தடவையா கணக்குப் பரீட்சை எழுதினாங்க.

முப்பத்தெட்டு.