ஒரே ப்ளக் இருந்த அறை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். லைட் ஸ்டாண்டுகள் இருந்த நீளப் பையை மடியில் வைத்திருந்தவன் போட்டோகிராபர். பக்கத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர்.

“ஆக்சிஜன் மெஷின கழட்டிட்டு லைட்ட மாட்டுங்க தம்பின்னு அவரே சொல்லுதாரு அண்ணாச்சி,” என்றான் அவன்.

“யாருலே?”

“குத்துக்கல்வலசையில ஒரு வீடு. அவருக்கு நெஞ்சுல சீக்கு, படுத்த படுக்கை. மக கல்யாணம் வரைக்கும் நான் இருக்க மாட்டேன், இப்பமே அவள பட்டு கட்டி பக்கத்துல நிப்பாட்டி ஒரு படம் எடுங்கன்னாரு. ரூம்ல ஒரே ப்ளக். அதுலதான் மெஷின் ஓடுது. எக்ஸ்டென்ஷன் போட்டு ரெண்டையும் மாட்ட எனக்குப் பயம். கொஞ்ச நேரந்தானே, தாங்கிருவேங்காரு.”

“கழட்டிட்டியா?”

“கை வருமா அண்ணாச்சி? லைட்ட மடக்கிட்டேன். கட்டில மெதுவா ஜன்னல் பக்கம் தள்ளுனோம். அவரு வீட்டம்மா வெள்ள வேட்டிய விரிச்சுப் பிடிச்சாங்க. அதுல பட்ட வெயிலு ரெண்டு பேரு மூஞ்சிலயும் நல்லா விழுந்துச்சு.”

“படத்த அவரு பாத்தாரா?”

“கேமராவுலயே காட்டுனேன். மூக்குல ட்யூப் தெரியுதேன்னு சங்கடப்பட்டாரு. கம்ப்யூட்டர்ல அழிச்சிருதேன்னு சொன்னேன். அந்தப் பிள்ளதான் விடல.”

“ஏனாம்?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

“‘இருக்கட்டும்ணே. இந்தப் படத்துல எங்க அப்பா மூச்சு விடுதாங்கல்லா’ன்னுட்டா.”