கறிவேப்பிலைக்கு ஊதா வெளிச்சம்

"கறிவேப்பிலைக் கன்றுக்காக ஆரும் பொலிஸைக் கூப்பிடுவினமோ?"

டண்டினொங் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டதும், நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"கூப்பிட்டவைதானே. ஜன்னல்ல இரவு பகலா ஊதா லைட் எரிஞ்சா, பக்கத்து வீட்டுக்காரர் உள்ள கஞ்சா வளர்க்கிறம் எண்டுதான் நினைப்பினம்."

"இந்தக் குளிருக்குள்ள கன்று பிழைக்க அந்த லைட் வேணுமப்பா."

"வெள்ளை லைட்டே காணும், ஊதா தேவையில்லையெண்டு லைட் வித்த கடைக்காரன் சொன்னவன். நீங்கள்தான் கேக்கேல்லை."

"பொலிஸ் வந்து பாத்து, சிரிச்சுப்போட்டுப் போனதெண்டு மகள் சொன்னவளே. பிறகென்ன?"

அந்த அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கதவைத் திறந்தது அவள். யூனிஃபோர்மைக் கண்டவுடன, ஊரில ஆமி வந்த மாதிரி நான் அறைக்குள்ள ஓடி, அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டன். அவங்கள் போன பிறகும் வெளிய வர ஏலாமப் போச்சு. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் எனக்கு அந்தப் பயம் போகேல்லை."

இறங்குவதற்கு எழுந்தபோதுதான் கணவர் மெதுவாகக் கேட்டார்:

"வெள்ளை லைட் எண்டால், கன்றுக்கு எவ்வளவு கிட்ட வைக்கச் சொன்னவன்?"