குளம்பு உளியைப் பிடிக்கும் விதம்

என் பெயர் காவேரி. வயது முப்பத்தொன்று. அதியமான்கோட்டையில் என் அண்ணன் பெரியண்ணன் வீட்டில் நான்கு மாதமாக இருக்கிறேன். என் கணவர் சென்றாயனைக் கொன்றதாக அண்ணனைக் கைது செய்திருக்கிறார்கள். நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம், சொல்லாமலும் இருக்கலாம் என்று நீதித்துறை நடுவர் சொன்னார். புரிந்தது. நானாகவே சொல்கிறேன்.

மேசை மேல் இருந்த பொருளைக் காட்டினார்கள். சீட்டில் ‘பெயர் தெரியாத பழைய இரும்புக் கருவி’ என்று எழுதியிருந்தது. பட்டறைகளில் விசாரித்தும் யாருக்கும் தெரியவில்லை என்றார்கள். எனக்குத் தெரியும். இது குளம்பு உளி. என் அப்பா பச்சியப்பன், பாலக்கோட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்தவர். லாடம் வைக்கும் முன் குளம்பைச் சீவுவது இதனால்தான். மரக்குமிழைத் தோளில் பதித்து, வளைந்த தண்டை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் எடையோடு தள்ள வேண்டும். வீச முடியாது. வீசினால் கையிலேயே திரும்பிக்கொள்ளும்.

சென்ற வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு என் கணவர் என்னை அழைத்துப்போக வந்தார். வரமாட்டேன் என்றேன். அவர் என் முடியைக் கையில் சுற்றி வாசல் வரை இழுத்தார், அதன் பிறகு என் முகத்தைச் சுவரில் மோதினார், இரண்டு பற்கள் விழுந்தன, அதன் பிறகு அண்ணன் ஓடிவந்து, “வுடுங்க மாப்ள, வூட்டுக்குள்ள போயி பேசிக்கலாங்க” என்றார். அண்ணனுக்கு இடது கை விரல்கள் மடங்காது. சிறு வயதில் கரும்பு பிழியும் உருளையில் சிக்கியது. கணவர் அவரைக் கீழே தள்ளி, வலது மணிக்கட்டை மிதித்துக்கொண்டு, கதவோரம் கிடந்த சுத்தியலை எடுத்தார்.

“லாடக்காரன் மவனுக்கு லாடம் வேணாங்களா மச்சான்? கைய விரிங்க.”

மூன்று முறை அடித்தார். மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

“மாடு கூட இன்னேரம் கத்தியிருக்கும், நீங்க நல்ல சாதுங்க மச்சான்” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்து, “உள்ள போயி கதவச் சாத்திக்க காவேரி” என்றார்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் உளி இருந்தது. அண்ணனின் கை உதவாததால் பள்ளி விட்டு வந்து அப்பாவோடு குளம்பு சீவியது நான்தான். குமிழைத் தோளில் பதித்தேன். கணவர் நான்காவது அடிக்குக் கையை உயர்த்தியிருந்தார். விலாவுக்குக் கீழே வைத்து மேல்நோக்கித் தள்ளினேன். குளம்பு கடினமானது. இது அப்படி இல்லை.

அவர் திரும்பி, “என்னாடி இது” என்று கேட்டார். உளியைப் பார்த்துத்தான் கேட்டார். அதன் பிறகு மறுபடியும் தள்ளினேன்.

முதலில் தான் ஒரு கையால் வீசிக் குத்தியதாகவும், பிறகே கை உடைந்ததாகவும் அண்ணன் போலீசில் சொன்னது பொய். எனக்காகச் சொன்னது.

உளியைப் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நீதிமன்றப் பெண் ஊழியர் என் வலது தோளைப் பார்த்தார். குமிழ் அழுத்திய இடம் வட்டமாகக் கன்றியிருக்கிறது. ஓரம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. அது மறைவதற்குள், இன்றே மருத்துவரைக் கொண்டு அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் தோளையும் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றும் இருக்காது.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) காவேரி