மே பன்னெண்டாம் தேதிக் கப்பல்

டெர்வின்: ...அப்போ கம்ப்யூட்டர்ல கப்பல் டிக்கெட் டேபிள்ல பத்து வருஷத்துக்கு முந்தினதெல்லாம் இன்னிக்கே போகணுமா, ரூபா?

ரூபா: ஆர்டர் வந்தாச்சு. டிக்கெட்டுக்கு ஒரு வரின்னு ஒரு கோடி தாண்டிடுச்சு. வேலை ஈஸிதான். கப்பல் போற தேதிய வச்சு மாசத்துக்கு ஒரு பார்ட்டிஷன், தனித்தனிப் பெட்டி மாதிரி. ஒரு மாசத்தத் தூக்கினா, அடுத்த மாசத்துல ஒரு வரி அசையாது.

டெர்வின்: எனக்கே பாடமா? பிரிச்சதே நான்தான். சலோ, ரெண்டாயிரத்துப் பதினாறு ஜூன்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

ரூபா: ஏன் ஜூன்? ஏப்ரல் வரைக்கும் முன்னயே அழிச்சாச்சு, மொதல்ல மே. அத நான் பண்றேன். நீ டீ குடிச்சிட்டு வா.

டெர்வின்: மே... நம்ம மாசம்.

ரூபா: அரே, எனக்குப் புருஷன் இருக்கார். உனக்குப் பொண்டாட்டி பெனிட்டா இருக்கா.

டெர்வின்: சும்மா சொன்னேன். அந்தமான விட்டே ஓடி, சென்னை போய்க் கல்யாணம் பண்ணிக்க ரெண்டு டிக்கெட் போட்டோமே, பன்னெண்டாம் தேதிக்கு...

ரூபா: பாம்பூஃப்ளாட்லேர்ந்து நான் வந்த போட் லேட்டு. சாத்தம் ஜெட்டில நான் எறங்கறப்போ கப்பல் கெளம்பிடுச்சு. நூறு தடவ சொல்லிட்டேன்.

டெர்வின்: நானும்தான் நூறு தடவ சொல்லிட்டேன். தனியா போனேன். மூணு நாளும் வாந்தி.

ரூபா: டீக் ஹை, சரி. இப்ப அழிக்கறேன்.

டெர்வின்: என்ன அவசரம்? இரு, உன் பேரத் தேடறேன். தேதி குடுத்தா அந்த ஒரு மாசத்துல மட்டும்தான் தேடும். இந்தா... ரூபா. கேன்சல். மே பத்து. கப்பலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே.

ரூபா: பயந்துட்டேன். போட் லேட்டே இல்ல. உன்னத் தனியா கப்பலேத்தி விட்டுட்டேனேன்னு பத்து வருஷமா மனசு அறுக்குது, டெர்வின்.

டெர்வின்: சரி, விடு. முடிஞ்சது.

ரூபா: ...உன் டிக்கெட் எங்க? மே மாசத்துல உன் பேரே இல்லையே.

டெர்வின்: பழைய டேட்டா, விட்டுப் போயிருக்கும். நான் ஜூன முடிச்சிடறேன்.

ரூபா: கைய எடு. பயணத் தேதிய மாத்தினா அந்த வரி அடுத்த பார்ட்டிஷனுக்குப் போயிடும். நீ சொல்லிக் குடுத்ததுதான். ஜூன்ல என்ன இருக்கு?

டெர்வின்: ...ஜூன் ஒம்பதாம் தேதிக் கப்பலுக்கு மாத்தினேன். அப்புறம் அதையும் கேன்சல் பண்ணிட்டேன். நான் கப்பலே ஏறல. ரங்கத்ல சித்தப்பா வீட்ல கெடந்தேன்.

ரூபா: எப்ப மாத்தினே?

டெர்வின்: மே ஒம்பது. நீ கேன்சல் பண்றதுக்கு ஒரு நாள் முன்ன.