பதினேழாம் பத்தி

– உள்ள யாரு? எவ்வளவு நேரமாத் தட்டுறது!

– நான்தான் சார், துப்புரவு வேலை பாக்குறவ.

– கழுவி முடிச்சாச்சுன்னா வெளிய வாங்கம்மா, எனக்கு அவசரம்.

– கழுவ வரல சார். போக வந்தேன்.

– என்னது! இது அதிகாரிங்க கழிப்பறைம்மா. கதவுல போர்டு இருக்குல்ல?

– பதினோரு வருஷமா அந்த போர்டைத் துடைக்கிறவளே நான்தான் சார்.

– அடிப்படையில, உங்களுக்குன்னு ஒரு இடம் இருக்குமே?

– இருக்கே, பஸ் ஸ்டாண்டுல. நாலு மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி. அதுக்குப் பயந்தே பகல்ல தண்ணி குடிக்கிறதில்ல. போன மாசம் நீர்க்கடுப்புல சுருண்டு படுத்துட்டேன்.

– அடப்பாவமே. ஒரு மனு குடுங்க, பரிசீலிக்கிறேன். இப்ப திறங்க!

– நீங்களும் ஒரு நடை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வாங்களேன் சார். பழகிடும்.

– விளையாடாதீங்க! பத்து நிமிஷத்துல வெளிநாட்டு மனித உரிமைக் குழு வருது. நான் போயிட்டு வர்றதுக்குள்ள என் வேலை போயிடும்!

– என் மேஸ்திரியும் அதேதான் சார் சொல்றாரு.

– ஐயோ, உள்ள என்னதாம்மா பண்றீங்க?

– அந்தக் குழுவுக்குன்னு நீங்க எழுதின அறிக்கையைப் படிக்கிறேன்.

– அது ரகசியமாச்சே! எப்படிக் கெடச்சுது?

– கசக்கிப் போட்டீங்களே, குப்பைக்கூடை என் பொறுப்புதானே. பதினேழாம் பத்தி பிரமாதம் சார். "கழிப்பறை வசதி எவ்விதப் பாகுபாடுமின்றி அனைவருக்கும் உறுதி செய்யப்பட்டுள்ளது." அனைவரும்னா யாரு சார்?

– அனைவரும்னா... அடிப்படையில... தாயே, நிக்க முடியல!

– அதுல நான் இருக்கேனா, இல்லையா?

– இருக்கீங்க! கூட வேலை பாக்குற ஒன்பது பேரும் இருக்காங்க!

– அப்ப போர்டு?

– இன்னைக்கே கழட்டுறேன்!

– கழுவக் குடுக்கிற சாவியைக் காலையில எட்டரைக்கெல்லாம் திருப்பிப் புடுங்கிக்கிறாங்களே? இன்னைக்குக் குழு வருதுன்னுதான் எங்கிட்டயே விட்டு வச்சிருக்காங்க.

– இனிமே பூட்டே கெடையாது! வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பதினேழாம் பத்தி பச்சைப் பொய். அதுக்கு முன்னாடி இருக்கிற பதினாறும் பொய். போதுமா? திறங்கம்மா!

– இதோ திறந்துட்டேன் சார். ஆனா கடைசியாச் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை மெதுவாச் சொல்லிடுங்க. குழுத்தலைவியம்மா அப்பவே வந்துட்டாங்க, இங்கதான் கை கழுவிக்கிட்டு நிக்கிறாங்க. கூட வந்த மொழிபெயர்ப்புப் பொண்ணுக்கு உங்க வேகத்துக்கு எழுத முடியலையாம்.