ரெண்டு விரல் கூட

— கேளுங்க. "கேம் ஆடப்போறவருக்கு என்ன வயசும்மா?"ன்னு கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டார். "அம்பத்தி மூணு"ன்னேன். அவர் சிரிக்கலை. "சரி, மொத்தம் எவ்வளவுக்குள்ள முடிக்கணும்?"னார். சொன்னேன். "அதைத் தாண்ட மாட்டேன், பேசிப் பேசி ஏத்திவிடப் பாக்காதீங்க"ன்னும் சொல்லிட்டேன். "ஏத்த மாட்டேம்மா. வீட்டுல டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே, அது என்ன சைஸ்?"னார்.

— மானிட்டர்.

— அதான். இருபத்தி நாலு இஞ்சுன்னேன். "அப்ப பெரிய கிராபிக்ஸ் கார்டு தண்டம், படம் தெளிவா ஓட நடுத்தரமே போதும். மெமரி எட்டு ஜிபிக்குக் கீழ மட்டும் இறங்காதீங்க"ன்னார். பாதி விலைக்குப் பழசு ஒண்ணும் இருந்தது. அது எங்கேயோ ராப்பகலா ஓடித் தேஞ்சதாம். வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். நல்ல மனுஷன்.

— நீ தனியாவா போனே, டைலரம்மா? பட்டன் வாங்கணும்னாலே என்னைக் கூப்பிடுவியே.

— கூப்பிட நீங்க எங்க வீட்டுல இருக்கீங்க? லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிஞ்சா நேரா அந்த போட்டோ ஸ்டுடியோ. அங்கிருந்து வந்தா சாப்பாடு, தூக்கம். இன்னிக்கு லீவு நாளாப் போச்சு, அதான் முகத்தைப் பாக்கறேன்.

— ஸ்டுடியோக்காரன்கிட்ட நல்ல கம்ப்யூட்டர் இருக்கு. ரெண்டு மணி நேரம் கேம் ஆடறேன். குடிக்கிறேனா, சீட்டாடறேனா?

— குடிச்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. அதான் கார்டை வாங்கினேன். இனிமே இங்கயே ஆடுங்க. ம், மாட்டுங்க.

— மாட்டத்தான் பாக்கறேன். உள்ள போகலை.

— போகலைன்னா?

— நீளம் ஜாஸ்தி. டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி. இந்தா, இந்தத் தகரத்துல இடிக்குது பாரு. அளவு சொல்லித்தானே வாங்கினே?

— அளவெடுக்காம நான் ஒரு கைக்குட்டை கூட வெட்டினது இல்லை. கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டி டேப் வச்சுத்தான் எடுத்தேன். முப்பது சென்டிமீட்டர். இதோ, எழுதி வச்ச சீட்டு.

— டேப்பைக் கொடு. இருபத்தியேழுதானே வருது?

— இருபத்தியேழுதான். அதோட ரெண்டு விரல் கூட்டி எழுதினேன்.

— எதுக்கும்மா கூட்டினே?

— தையலுக்கு விட வேண்டாமா? உடம்பு அளவுக்கே துணியை வெட்டினா போட முடியுமா?

— இது துணியா? பிரிச்சு விடவும் முடியாது, பிடிச்சுத் தைக்கவும் முடியாது.

— இருபத்தெட்டு வருஷப் பழக்கம். பென்சிலை எடுத்தாலே கை தானாக் கூட்டிடுது. சிரிக்காதீங்க.

— சிரிக்கலை. சரி, விடு. நாளைக்கே திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிடு.

— பணமாத் தர மாட்டாங்க. ஏழு நாளைக்குள்ள மாத்தித் தருவாங்க. இதே கார்டுதான், விசிறி மூணுக்குப் பதிலா ரெண்டு. குட்டையா இருந்தது. இருபத்தி நாலு சென்டிமீட்டர்தானாம். விலையும் கொஞ்சம் கம்மி. காலையில போய் மாத்திட்டு வந்துடறேன்.

— பவர் சப்ளை தாங்காது.

— ஐநூத்தம்பது வாட். பக்கத்துல ஒட்டியிருந்ததைப் படிச்சுக் காட்டினேன். தாராளமாத் தாங்கும்னார்.

— பிராசசர் பழசு. கார்டு வேகமா ஓடும், இது பின்னாடி நொண்டும்.

— அதையும் கேட்டேன். கொஞ்சம் நொண்டும், ஆனா ஆட்டம் நிக்காதுன்னார்.

— உனக்குப் புரியலை. லிஃப்ட்ல மோட்டாரை மட்டும் மாத்திட்டாப் போதாது, கயிறு, கதவு, பிரேக்கு எல்லாத்தையும்...

— என்னங்க. லிஃப்டை விடுங்க. வேண்டாம்னு சொல்ல ஏன் இத்தனை காரணம் தேடறீங்க?

— தேடலையே.

— புதுச் சாமான் வந்தா டப்பாவை மோந்து பாக்கற ஆள் நீங்க. இந்த டப்பாவைப் பாத்ததும் முகம் செத்துப்போச்சு.

— இது அவ ரூம். அவ கம்ப்யூட்டர். நாம தொட வேண்டாம்னு பாத்தேன்.

— ஒரு வருஷம் ரெண்டு மாசமா இதைத் தூசி தட்டறது யாரு? நான்தான். அம்மா தொட்ட கம்ப்யூட்டரை அப்பா தொட்டா என்ன?

— நீதானே சொன்னே, இந்த வீட்டுல அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு.

— சொன்னேன்.

— கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் இருக்கறப்ப, அந்தப் பையன் வேண்டாம்னு சொன்னா. அவ பண்ணினது அவ்வளவுதான். நீ "எனக்கு மகளே இல்லை"ன்னுட்டே. அவ பையைத் தூக்கிட்டுப் படியிறங்கறப்ப நீ மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

— நூத்தியெண்பது வீட்டுக்குப் பத்திரிகை வச்சிருந்தோம். அத்தனை வாசல்லயும் போய் நின்னு கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொன்னவ நான். அந்தக் கோபம். மெஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். ஊசியில நூலே இல்லை, உங்களுக்குத் தெரியாது.

— நான் உன்னைக் குத்தம் சொல்லலை.

— சொல்லுங்க. சொன்னாலே தேவலை. ஒண்ணும் சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை.

— இந்தக் கார்டை யாருக்காவது வித்துடு. என்னால இங்க ஆட முடியாது.

— ஏன்?

— ஆடறப்ப நான் கத்துவேன். உனக்குத் தலைவலி வரும்.

— என்ன கத்துவீங்க?

— என்னமோ. ஆட்டத்துல வர்றது.

— "பாப்பா, முன்னாடி போகாதே, அப்பா வர்றேன்"னா?

— யார் சொன்னா உனக்கு?

— ஸ்டுடியோக்காரர் சம்சாரம். போன மாசம் கவுனுக்கு அளவு கொடுக்க வந்தாங்க. "உங்க மக வெளியூர்ல இருந்துக்கிட்டே அவரோட சேர்ந்து என்னமா ஆடுது, தினமும் உங்க வீட்டுக்காரரைச் சாகாம காப்பாத்துது"ன்னாங்க. எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் தெரிஞ்ச மாதிரித் தலையாட்டினேன். அவங்க போனப்புறம் நோட்டைப் பாத்தா, ஒரு அளவு கூட எழுதலை.

— உன்கிட்ட ஒளிக்கணும்னு இல்லைம்மா. போன் பண்ணினா "நல்லா இருக்கேன்பா"ன்னு வச்சுடறா. ஆட்டத்துலதான் வாயைத் திறக்கறா. ஆபீஸ்ல யார் திட்டினது, எந்தப் பல்லு வலிக்குது, எல்லாத்தையும் சுட்டுக்கிட்டே சொல்லுவா. உனக்குத் தெரிஞ்சா அந்த ரெண்டு மணி நேரமும் போயிடுமோன்னு பயந்தேன்.

— நான் நிறுத்திடுவேன்னு நினைச்சீங்க.

— நினைச்சேன். பொய் சொல்லலை.

— என்னைப் பத்திக் கேப்பாளா?

— ஒரே ஒரு தடவை. "மெஷின் சத்தம் கேக்கலையே, எங்க இருந்துப்பா ஆடறீங்க?"ன்னா. ஸ்டுடியோன்னு சொன்னேன். அப்புறம் கேக்கலை.

— எந்தப் பல்லுங்க வலிக்குது?

— கீழ, கடைவாய்ப் பல்லு. டாக்டரைப் பாத்துட்டா. இப்படித் திரும்பு. அழாதே.

— அழலை. காலையில குட்டைக் கார்டை வாங்கிட்டு வந்துடறேன். சாயங்காலம் இங்க உக்காந்து ஆடுங்க.

— ஆடறேன். நீ அவகிட்டப் பேசுவியா?

— மாட்டேன். வாயைத் திறந்தா திட்டிடுவேன், இல்லைன்னா கெஞ்சிடுவேன். அவளும் ஓடிடுவா.

— பின்னே என்னதான் பண்ணணும்ங்கறே? சொல்லு.

— நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாங்க. அவ பேசிக்கிட்டு இருக்கறப்ப, ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் என் காதுல வைங்க.