ஜீப்புல ஒரு சாண் இடம்

இந்தக் காத்தடிக்கிற மிஷின பானெட்டுக்குள்ள வைக்க வேணாம் தம்பி, அத மறந்துடு. பேட்டரிக்குப் பக்கத்துல எடம் இருக்குதான், நான் இல்லேங்கல. ஆனா அங்க அடிக்கிற சூடு உனக்குத் தெரியாது. ஒரு தடவ வழியில திங்கலாம்னு ஒரு முட்டைய அங்கதான் வச்சேன். மணல்மேடெல்லாம் ஜீப்புல சுத்திட்டு வந்து மூடியத் தொறந்தா, கோழிக்குஞ்சு உக்காந்து என்னையே பாக்குது. சிரிக்காத. வளர்ந்தப்புறமும் அது ஹாரன் அடிச்சாத்தான் எரை எடுக்கும்.

அடியிலயா? சேஸிஸோட சேத்துக் கட்டவா? அதுவும் பாத்தாச்சு. எனக்குத் தெரிஞ்ச லாரிக்காரன் ஒருத்தன் அப்படித்தான் கட்டினான். ஆத்தத் தாண்டுறப்ப மிஷினு காத்தோட தண்ணியையும் உறிஞ்சி டயருக்குள்ள அனுப்பிடுச்சு. பஞ்சர் பாக்கறவன் பிரிச்சா உள்ள மீனு நீஞ்சுது.

சரி சரி, கதை அளக்கல. அந்த ஸ்பேனரக் கீழ வை, ஒழுங்காவே பேசுவோம்.

சீட்டுக்கடியில போகாதுப்பா. நானும் வீட்டுல இதே அளவுக்கு ஒரு அட்டப்பெட்டி செஞ்சு எல்லா எடத்துலயும் வச்சுப் பாத்துட்டேன். பொழுது போகணும்ல. பேச ஆள் இல்லாத வீட்டுல அட்டப்பெட்டிகூடத்தான் பேச வேண்டியிருக்கு. அதுவும் நொழைய மாட்டேன்னுடுச்சு.

சின்னதா வாங்கறதா? தெரியும். இப்பல்லாம் கைக்கடக்கமா வருது. கடைக்காரனும் அதத்தான் சொன்னான். வேணாம். இந்த மிஷின்தான் உள்ள போகணும், இன்னைக்கே போகணும். நாளைக்குக் காலைல நான் மணல்மேட்டுல ஜீப் ஓட்டப் போறேன். பழசுதான், ஹோஸுல ஒட்டுப் போட்டிருக்கு, ஒத்துக்கறேன். மணல்ல எறங்கணும்னா டயர்ல பாதிக் காத்த எறக்கிடணும், அப்பத்தான் புதையாது. வெளிய வந்து தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி மறுபடி அடிச்சாகணும். இது இல்லாமப் போனா வீடு வந்து சேர முடியாது.

இத்தன வருஷம் எப்படிப் போனேன்னா? போனேன். அத விடு.

பின்பக்கம் பாரு. டூல்பாக்ஸு, மண்வெட்டி, அப்புறம்... ஏய், அதத் தொடாத. கைய எடு தம்பி. இழுவைக் கயிறு அது.

என்ன கேட்ட? தனியாப் போற வண்டிக்கு இழுவைக் கயிறு எதுக்குன்னா?

ம். கேள்வி நியாயந்தான்.

தனியா எங்க போனேன். மணலுக்குப் போறவன் எவனும் ஒத்த வண்டியில போக மாட்டான். நானும் என் சிநேகிதனுமா நாங்க ரெண்டு வண்டி. ரெண்டு பேரும் ஒரே சாமானத் தூக்கிட்டு அலையறது தண்டம்னு பங்கு பிரிச்சுக்கிட்டோம். கயிறு என் வண்டியில, காத்து அவன் வண்டியில. சோடாபுட்டின்னுதான் கூப்பிடுவேன், கண்ணாடி அவ்வளவு தடிமன். மேடுன்னு நெனச்சுப் பள்ளத்துல விட்டுடுவான். நான் கயித்தப் போட்டு இழுப்பேன். வெளிய வந்ததும் அவன் வண்டிக்கு அடிச்சுட்டு என் வண்டிக்கும் காத்து அடிப்பான். அடிச்சுக்கிட்டே, என் மூச்சுலதாண்டா உன் பொழப்பே ஓடுதும்பான்.

அவன் போனப்புறம் அவன் வண்டிய வித்துட்டாங்க. போன வாரம் அவன் சம்சாரம் இந்த மிஷினத் துணியில சுத்திக் கொண்டாந்துச்சு. உங்களுக்காவது ஒதவட்டும்ணேன்னு வாசல்லயே வச்சுட்டுப் போயிடுச்சு, உள்ள வரல.

ஆமா, நெஞ்சுவலி. மணல்லயெல்லாம் இல்ல. வீட்டுல சோபாவுல, டிவி பாத்துக்கிட்டு இருக்கறப்ப. எத்தன பள்ளத்துலேருந்து இழுத்திருக்கேன் அவன.

சரி, அந்தக் கயித்த எடுத்துடு தம்பி. இழுக்கறதுக்கு இன்னொரு வண்டி வேணும்ல. அந்த எடத்துல வச்சுப் பாரு... இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. பாத்தியா, அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு.

போல்ட்டெல்லாம் முறுக்கிட்டியா? அப்ப ஒண்ணு பண்ணு. என் நாலு டயருக்கும் அடிச்சு முடிச்சதும் நிறுத்திடாத. அதோ ஓரமா நிக்குது பாரு, உன் வண்டி, அதுக்கும் நாலு அடிச்சுடு. எட்டு டயருக்கு அடிச்சுப் பழகின மிஷினு. நாலோட நிறுத்தினா தேடும்.